முதியோர் நலச் சங்கம் – செயலாளர் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவ பொருளாளர் வாசிப்பார், நான் அதுக்குள்ள போகல. மாசக் கூட்டம் ஒழுங்கா நடந்துச்சு, வந்தவங்கதான் கம்மி.

இந்த வருஷம் பூரா நமக்கு வயசுப் பஞ்சாயத்துதான். முதியோர் பென்ஷனுக்கு மனு போடணும், ஆனா பிறப்பு சான்றிதழ் கிடையாது, ஸ்கூல் பக்கம் போனதில்ல, கைல இருக்கற அட்டைல யாரோ குத்துமதிப்பா போட்ட வயசு. ஒரு அம்மா கொண்டுவந்த ரெண்டு அட்டைக்கு நடுவுல 13 வருஷம் வித்தியாசம், அதுல ஒண்ண நம்புனா மூத்த பையன் பொறந்தப்ப அவங்களுக்கு வயசு 8! ஆபீஸ்ல சிரிச்சாங்களே ஒழிய திருத்தித் தரல. கடைசில பையனோட பிறப்புப் பதிவுல தாயின் வயசுன்னு ஒரு கட்டம் இருக்கே, யாரும் கண்டுக்கறதில்ல, அதுல 21ன்னு இருந்துச்சு, இன்னொரு அட்டையோட கரெக்டா ஒத்துப்போச்சு, பென்ஷனும் வந்துச்சு.

எக்ஸ்ரே எடுத்தா வயசு தெரியுமாமேன்னு நிறைய பேர் கேக்கறீங்க. எலும்பு வளர்ச்சியெல்லாம் சுமார் 25 வயசோட முடிஞ்சிரும், அதுக்கப்பறம் 58ஆ 62ஆன்னு எந்தப் படமும் சொல்லாது, காச வீணாக்காதீங்க.

ஒரு கூட்டத்துல அயர்லாந்து கதை பேசினோம், வராதவங்களுக்காக சொல்றேன். 1908ல சட்டம் போட்டு, 1909 ஜனவரி 1லேருந்து 70 வயசானவங்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரைக்கும் குடுத்தாங்க. ஆனா அங்க எல்லாருக்குமான பிறப்புப் பதிவே 1864லதான் ஆரம்பிச்சுது, அப்ப 70 வயசுக்காரர் சர்டிபிகேட்டுக்கு எங்க போவார்? 1841, 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகள்ல பேரத் தேடினாங்க, 1839 ஜனவரி 6 ராத்திரி அடிச்ச பெருங்காத்து ஞாபகம் இருக்கறதக்கூட வயசுக்கு சாட்சியா சொன்னாங்க. அந்த ஏடுகள்ல பெரும்பகுதி 1922 உள்நாட்டுப் போர்ல எரிஞ்சு போயிடுச்சு, பென்ஷனுக்காக எழுதி எடுத்த துண்டு விவரங்கள்தான் பல குடும்பத்துக்கு இன்னிக்கு மிச்சம்.

அதுலேருந்து நாங்களும் முதல்ல பேப்பர் கேக்கறதில்ல. பெரிய வெள்ளம் வந்தப்ப நீங்க எவ்ளோ உயரம், தம்பி பொறந்தாச்சான்னு கேப்போம். ஞாபகத்த ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க, சரி, ஆனா எந்த வருஷத்துப் பதிவேட்டப் பொரட்டணும்னு அதுதான் காட்டிக்குடுக்குது.

இன்னும் 3 மனு பாக்கி இருக்கு. வீட்ல பழைய தாள் எது கிடந்தாலும், பிள்ளைங்களோடதா இருந்தாலும் கொண்டாங்க, தயவுசெஞ்சு லேமினேட் பண்ணிடாதீங்க, பின்னாடி இருக்கற சீலு சில சமயம் தெரியாமப் போயிடுது.