ஆண்டறிக்கை: மீற்றர் செய்தே போன வருடம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போசகர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

மட்டக்களப்பில் இயங்கும் சொந்த ரேடியோ நிலையங்களில் பொழுதுபோக்காகத் தொடர்பு கொள்ளும் எமது ஹேம் ரேடியோக் கழகத்தின் கடந்த ஆண்டு நடவடிக்கைகளைப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. மாரி வெள்ளத்தால் ஒரு கூட்டம் மட்டும் நின்றது. சந்தா பற்றிப் பொருளாளர் சொல்வார். அவர் சொல்லும்போது சிலர் தலையைக் குனிந்துகொள்வது நல்லது.

போன பொதுக்கூட்டத்தில் 7 மெகாஹேட்ஸ் ட்ரான்ஸ்மிட்டர் ஒன்றை எல்லோரும் சேர்ந்து செய்வதாகத் தீர்மானித்தோம். அது இன்னும் முடியவில்லை. வருடம் முழுவதும் அளக்கும் கருவிகளைச் செய்வதிலேயே போய்விட்டது. இதைக் குறையாகச் சொன்ன அங்கத்தவர்கள் உண்டு. ஆனால் எமது வேலை 5 வாட்டுக்குள் நடக்கும் வேலை. 100 வாட் வைத்திருப்பவர் பாதியை வயரில் தொலைத்தாலும் அவர் குரல் கேட்கும். நாங்கள் தொலைத்தால் எங்கே தொலைந்தது என்றாவது தெரிய வேண்டாமா?

முதலில் செய்தது டம்மி லோட்: ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டி, ட்ரான்ஸ்மிட்டரின் சக்தியைச் சூடாக்கித் தீர்க்கும் தடை. 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் 20ஐப் பக்கம் பக்கமாக இணைத்தால் 50 ஓம். 10 வாட் வரை தாங்கும். மொத்தச் செலவு ஒரு சோற்றுப் பார்சலுக்கும் குறைவு. (பாடப்புத்தகத்தில் உள்ளபடி ‘தடையி’ என்று கடையில் கேட்ட மாணவர் வெறுங்கையோடு வந்தார். ரெசிஸ்டர் என்றால்தான் எடுத்துத் தருவார்கள்.) அங்கத்தவர் ஒருவர் இவ்வளவு சோல்டரிங் எதற்கு என்று ஒரேயொரு வெள்ளைச் சீமெந்து ரெசிஸ்டரைப் போட்டுக் கொண்டுவந்தார். மல்டிமீற்றரில் 50 ஓம் சரியாகக் காட்டியது. ட்ரான்ஸ்மிட்டரைக் கொடுத்ததும் எல்லாம் குழம்பியது. அதன் உள்ளே இருப்பது சுருளாகச் சுற்றிய கம்பி. ஒரு மைக்ரோ ஹென்றி இருந்தாலே 7 மெகாஹேட்ஸில் 44 ஓம் தடங்கல் வந்துவிடும். அந்த ரெசிஸ்டரை இப்போது வகுப்பில் காட்சிப் பொருளாக வைத்திருக்கிறோம்.

லோடை அடைத்தது டின்மீன் பேணியில். எத்தனை தரம் கழுவியும் வாசம் போகவில்லை. சூடேறினால் கேட்கவே வேண்டாம். அடுத்தவை பால்மா பேணியில்தான் செய்யப்படும்.

அதே லோடில் ஒரு 1என்4148 டயோடும் ஒரு சிறு கப்பாசிற்றரும் சேர்த்தால் வாட் மீற்றர். மல்டிமீற்றரில் வரும் வோல்டைத் தன்னாலேயே பெருக்கி 100ஆல் வகுத்தால் வாட் கிடைக்கும். இங்கே ஒரு சங்கதி. டயோட் தனக்கென்று அரை வோல்ட் அளவு பிடித்துக்கொள்ளும். 5 வாட்டில் அது பெரிதாகத் தெரியாது, 4.8 என்று காட்டும். 100 மில்லிவாட்டில் 70 என்று காட்டிவிடும். அந்த அரை வோல்டைக் கூட்டிவிட்டுப் பெருக்குங்கள் என்று பேணியின் மூடியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம்.

ரேடியோ அலையின் வோல்டை மல்டிமீற்றரில் அளக்க உதவும் ஆர்.எஃப். புரோப் செய்த ஞாயிற்றுக்கிழமை பெரிய அமளி. பழைய ரேடியோக்களில் இருந்து கழற்றிய ஓஏ91 ஜெர்மானியம் டயோட், ஒரு சிறு கப்பாசிற்றர், 4.7 மெகா ஓம் ரெசிஸ்டர், அவ்வளவுதான் கருவி. பாதிப்பேருக்குச் சரியான அளவு, மற்றப் பாதிப்பேருக்கு அதில் நாலில் ஒரு பங்கு. சோல்டரிங்கைக் குறை சொல்லி, டயோடைக் குறை சொல்லி, கடைசியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பிடிபட்டது. அந்த 4.7 மெகா ஓம், மல்டிமீற்றரின் உள்தடை 10 மெகா ஓம் என்று நினைத்துப் போட்ட கணக்கு. மலிவான மஞ்சள் மீற்றர்களுக்கு உள்தடை 1 மெகா ஓம்தான். அவற்றுக்கு 390 கிலோ ஓம் போட்டதும் கணக்கு ஒத்துவந்தது. புரோப்பைப் பற்றிப் படித்ததை விட மீற்றரைப் பற்றி அன்று கூடப் படித்தோம்.

ஆன்டெனா ட்ரான்ஸ்மிட்டருக்குப் பொருந்துகிறதா என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். பிரிட்ஜ்தான் அதிகம் உழைத்தது. மூன்று 50 ஓம் தடை, ஒரு எல்ஈடி. ஆன்டெனா பொருந்தினால் எல்ஈடி அணையும். கல்லடியில் இரண்டு தென்னைக்கு நடுவே 20 மீற்றர் சொச்சம் கம்பியில் டைபோல் ஆன்டெனா கட்டிய அங்கத்தவருக்கு எல்ஈடி அணையவே இல்லை. கம்பியை வெட்டினார், நீட்டினார், மறுபடி வெட்டினார். பிறகு ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுக் கேபிளின் நுனியில் டம்மி லோடைப் போடச் சொன்னோம். அப்போதும் எரிந்தது. கேபிளின் மேல் உறையை உரித்தால் செப்புப் பின்னல் முழுவதும் பச்சை. கடற்காற்று செய்த வேலைக்குத் தென்னைமரம் என்ன செய்யும்!

இன்னொருவர் பிரிட்ஜின் சுவிட்சை அளப்பதற்கான ‘டியூன்’ பக்கத்தில் விட்டுவிட்டு ஒரு வாரம் மோர்ஸ் அடித்திருக்கிறார். அந்த நிலையில் ஆன்டெனாவுக்குப் போவது நாலில் ஒரு பங்கு: 1.25 வாட். அப்படியும் தமிழ்நாட்டு நிலையங்கள் பதில் சொல்லின. நாலில் ஒன்று என்பது 6 டெசிபெல். கேட்பவரிடம் சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீற்றரில் ஒரு படிதான் இறக்கம். அவர் வெட்கப்பட்டார். எனக்கென்னவோ இந்த வருடத்தின் நல்ல பரிசோதனை அதுதான் என்று படுகிறது.

கட்டாரில் இருந்து லீவில் வந்த அங்கத்தவர் ஆன்டெனா, கேபிள் எல்லாவற்றையும் அளக்கும் நனோவிஎன்ஏ என்ற சிறு கருவி ஒன்று கொண்டுவந்தார். இனி எதற்கு இந்தப் பேணிகள் என்ற பேச்சும் எழுந்தது. டம்மி லோட் பேணியை அதிலேயே கொழுவிப் பார்த்தோம். 7, 14 மெகாஹேட்ஸில் நன்றாக நின்றது. 144இல் ரெசிஸ்டர் கால்களின் நீளம் காட்டிக்கொடுத்தது, அளவு பிசகியது. வாங்க வசதியுள்ளவர் வாங்கட்டும். ஆனால் பள்ளிப் பிள்ளைகள் கை வைத்துப் பழக இந்தப் பேணிகள்தான் தோது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் எடுக்கும் வரை அவர்களை ட்ரான்ஸ்மிட்டரில் நாங்கள் தொடவிடுவதில்லை.

பிள்ளைகளைச் சேர்ப்பதில் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். ஆரையம்பதியில் ஒரு வீட்டுக்குப் போனபோது தாயார் கேட்ட முதல் கேள்வி, “தம்பி, இது வோக்கிடோக்கி இல்லைதானே?” யுத்த காலத்தில் கூரைக்கு மேல் ஒரு கம்பி தெரிந்தாலே விசாரணை வரும். அதைக் கண்டவர் அவர். பேணியைத் திறந்து காட்டி, தேநீர் குடித்து முடிக்கும் மட்டும் விளக்கினோம். மகன் அடுத்த கூட்டத்துக்கு வந்தார்.

வரும் ஆண்டில் விரும்பிய அலைவரிசையைத் தரும் எஸ்ஐ5351 சில்லுவும் அதை இயக்க ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையும் வைத்து ஒரு சிக்னல் ஜெனரேற்றர் செய்வதாகச் செயற்குழு முடிவெடுத்துள்ளது. அது தருவது சதுர அலை என்பதால் ஃபில்டரையும் சேர்த்தே செய்ய வேண்டும். ட்ரான்ஸ்மிட்டரும் நிலுவையில் இருக்கிறது, மறக்கவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கழகத்தின் ஆர்.எஃப். புரோப்பைக் களுவாஞ்சிகுடிப் பக்கம் கொண்டுபோனவர் யாரென்று எனக்குத் தெரியும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கையோடு கொண்டுவரவும்.

இங்ஙனம்,
செயலாளர்