மருதனார்மடத்துக்கு ஒரு பிள்ளை வருகிறாள்

ஹட்டன்

அன்பு மச்சான்,

நாங்கள் எல்லோரும் சுகம். மழைதான் விட்டபாடில்லை. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் இதை அவசரமாகச் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி, யாழ்ப்பாணத்தில் நாம் சங்கீதம் படித்த இடத்துக்கே படிக்க வருகிறாள். உயர்தரப் பெறுபேறும் நல்லது, செயன்முறைத் தேர்விலும் தேறிவிட்டாள். வாய்ப்பாட்டு. அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் வேலை. மாசி பிறந்துவிட்டால் அப்பா, மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்குத் தப்புப் பறை அடிக்கப் போய்விடுவார்.

புறப்படுமுன் அந்த இடத்தின் கதை அவளுக்குத் தெரியவேண்டும் என்று உட்காரவைத்துச் சொன்னேன். முன்பெல்லாம் முறையாகச் சங்கீதம் படிக்க ஆசைப்பட்டவர்கள் கடல் தாண்டிச் சிதம்பரம் போகவேண்டியிருந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்து, சங்கீதபூஷணம் என்று பெயரோடு போட்டுக்கொண்டு திரும்பியவர்கள்தான் நம் ஆசிரியர்களுக்கு ஆசிரியர்கள். 1960இல் நடேசபிள்ளை, தன் மாமனார் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் பெயரில் மருதனார்மடத்தில் இசைக் கல்லூரியைத் தொடங்கினார். மகாராஜபுரம் சந்தானமே வந்து அதிபராக இருந்த இடம் என்றதும் பிள்ளையின் கண் விரிந்தது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் வந்தது, அடுத்த வருடமே கல்லூரியை அதோடு இணைத்தார்கள். இப்போது தனிப் பீடமாகவே ஆகிவிட்டது, அது உனக்குத் தெரிந்த கதை.

ஆனால் அவளுக்கு நான் அதிக நேரம் சொன்னது இணுவிலைப் பற்றித்தான். நீ என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போவாயே, தவில் மேதை தட்சணாமூர்த்தி பிறந்த ஊரடா என்று சொல்லிச் சொல்லி மிதிப்பாயே, அது. திண்ணையில் சின்னப் பையன்கள் கட்டையில் தட்டித் தட்டித் தவிலுக்குக் கை பழகிக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் மிருதங்கத்தில் படித்த கணக்கெல்லாம் அந்தத் தெருவில்தான் எனக்கு உயிர் பெற்றது. நல்ல ஆசிரியர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் சுற்றியிருந்த கோயில்களும் மேளகாரர் வீடுகளும் இல்லாவிட்டால் அந்தக் கல்லூரிக்கு அந்தப் பலம் வந்திருக்காது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதனால்தான் எங்கள் மலையகப் பக்கத்தை நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது. கிழக்கில் 1982இல் கல்லடியில் விபுலானந்தர் பெயரில் இசை நடனக் கல்லூரி வந்தது, பிறகு அது கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. எங்கள் பிள்ளைகள் இன்னும் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தரமாக ஏறி, கடைசியில் யாழ்ப்பாணத்துக்கோ கல்லடிக்கோ பஸ் ஏறுகிறார்கள். போகட்டும், நல்லதுதான். ஆனால் கல்லூரியைத் தாங்கி நிற்கக்கூடிய இசை இங்கேயும் இருக்கிறது மச்சான்.

போன மாசியில் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு, தோட்டத்து லயத்துக்குப் போயிருந்தேன். அவள் அப்பா காய்ந்த மானாப்புல்லைக் கொளுத்தித் தப்பைத் தீயில் காட்டினார். விரலால் சுண்டிக் கேட்டார், திருப்தியில்லை, திருப்பிப் பிடித்து மறுபடி காட்டினார். இந்த ஈரத்தில் தோல் நமத்துப்போகும், என் மிருதங்கமும் அப்படித்தான், சுருதி சேர்க்கக் கல்லும் புள்ளு என்ற மரக்கட்டையுமாகத் தட்டியே பாதி வகுப்புப் போய்விடும். அவர் காது கேட்ட சுருதி வரும்வரை அந்த மனிதர் விடவில்லை. அப்புறம் இடது கையில் சிம்புக்குச்சி, வலது கையில் அடிக்குச்சி. ரதி வரும்போது ஓர் அடி, வீரபத்திரன் வரும்போது வேறோர் அடி. சாவுக்கும் சாமிக்கும் தனித்தனி அடி. ஒரு காலத்தில் விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, ஆள் கூப்பிட்டதும் இதே தப்புதான். மகள் பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் தட்டி எண்ணிக்கொண்டிருந்தாள். “சேர், இதை ஏன் பரீட்சையில கேக்கிறதில்ல?” என்றாள். கேட்கத்தான் வேண்டும் என்றேன். சாதி பார்த்து ஒதுக்கிவைத்த வாத்தியம் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. மலையகத்தில் நாளைக்கு ஓர் இசைக் கல்லூரி வந்தால், மிருதங்கம் இருக்கிற அறையிலேயே தப்பும் இருக்கவேண்டும். அந்த வகுப்புக்கு இவள் அப்பா மாதிரி ஒருவர்தான் ஆசிரியர்.

உன்னிடம் கேட்பது இதுதான். அவளுக்குக் குரல் நன்று, விடியற்காலை ‘ஆ’ என்று இழுத்துப் பாடிப் பழகும் அகாரசாதகத்தை விடமாட்டாள். அந்த வெயிலும் சுண்ணாம்புத் தண்ணீரும் தொண்டைக்குப் பழகும்வரை கொஞ்சம் பார்த்துக்கொள். விடுதி கிடைக்கும்வரை நம்பிக்கையான வீடாக ஓர் அறை பிடித்துக் கொடு. தோட்டத்துப் பிள்ளை என்று யாராவது ஒரு மாதிரியாகப் பேசினால் பக்கத்தில் நில். அந்தப் பேச்சை நான் கேட்ட நாட்களில் நீதான் நின்றாய்.

அப்பாதான் கூட்டிக்கொண்டு வருகிறார், கண்டி போய் யாழ்ப்பாண பஸ் பிடிப்பார்கள். அவர் வடக்கே வருவது இதுதான் முதல் தடவை. தப்பையும் எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். இணுவிலில் உனக்குப் பழக்கமான தவில்காரர் ஒருவரோடு அவரை ஒரு பின்னேரம் உட்காரவை. இரண்டு பேரும் என்ன வாசித்தார்கள், என்ன பேசிக்கொண்டார்கள் என்று விடாமல் எனக்கு எழுது.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

உன் பழைய அறைத்தோழன்