எதனோடு எதை ஒப்பிடுகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு எழுதும் மாணவர்களுக்காகத் தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் வெளிவந்த ‘டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன்’ பயிற்சிப் பக்கத்தைப் படித்தேன். டால், டாலர், டாலஸ்ட் என்று நீளும் அட்டவணையும், ஒரே வாக்கியத்தை பாசிட்டிவ், கம்பேரட்டிவ், சூப்பர்லேட்டிவ் என மூன்று வடிவங்களில் மாற்றி எழுதும் பயிற்சியும் பிழையில்லாமல் அச்சாகியிருந்தன. ஆனால், அந்த அட்டவணையைத் தலைகீழாக ஒப்பிக்கத் தெரிந்தவர்களே பிற்பாடு அலுவலகங்களில் எழுதும் ஒப்பீட்டு வாக்கியங்களில் தடுமாறுவதை, ஆங்கில வரைவுகளைத் திருத்துவதையே பிழைப்பாகக் கொண்ட நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். சொல்லின் ஈறு எப்படி மாறும் என்பதைக் கற்றுக்கொடுக்கும் நாம், எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்று பார்க்கக் கற்றுக்கொடுப்பதில்லை.

பால் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் ஆண்டறிக்கைக்கு எழுதப்படக்கூடிய ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: ‘ஆஸ் கம்பேர்டு டு லாஸ்ட் இயர், அவர் மில்க் புரொக்யூர்மென்ட் இஸ் மோர் தேன் த நெய்பரிங் சொசைட்டி.’ (அந்தச் சொல்லைத் தமிழெழுத்தில் ‘தேன்’ என்று எழுத நேர்வதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், ஆங்கில எழுத்திலேயே ஓர் உயிரெழுத்தை மாற்றி அதை ‘தென்’ ஆக்கிவிடுபவர்கள் ஏராளம்.) இந்த வாக்கியத்தின் பொருள் என்ன? கொள்முதல் கடந்த ஆண்டைவிடக் கூடியிருக்கிறதா, பக்கத்துச் சங்கத்தைவிடக் கூடியிருக்கிறதா, அல்லது கடந்த ஆண்டு பக்கத்துச் சங்கத்துக்குப் பின்தங்கியிருந்து இந்த ஆண்டு முந்திவிட்டதா? மூன்றையும் படிக்கலாம். போதாக்குறைக்கு, பால் கொள்முதலைப் பக்கத்துச் சங்கத்தின் கொள்முதலோடு ஒப்பிடாமல் அந்தச் சங்கத்தோடேயே ஒப்பிட்டிருக்கிறது. முதல் இரண்டையும் சேர்த்துச் சொல்வதே எழுதியவரின் நோக்கமென்றால், ‘அவர் மில்க் புரொக்யூர்மென்ட் திஸ் இயர் வாஸ் ஹையர் தேன் லாஸ்ட் இயர்ஸ், அண்ட் ஹையர் தேன் தட் ஆஃப் த நெய்பரிங் சொசைட்டி’ என்று எழுத வேண்டும். ‘தட் ஆஃப்’ என்ற இரண்டு சின்னச் சொற்கள் இல்லாமல் அந்த ஒப்பீடு நிற்காது. பன்மையானால் அதுவே ‘தோஸ் ஆஃப்’ ஆகும். தமிழில் பேசும்போது ‘பக்கத்துச் சங்கத்தைவிட எங்கள் கொள்முதல் அதிகம்’ என்றால் கேட்பவரே விடுபட்டதை நிரப்பிக்கொள்கிறார். ஆங்கில எழுத்து நடையில் அந்தச் சலுகை கிடையாது. அதே போல, ‘கடந்த ஆண்டுடன் ஒப்பிடுகையில்’ என்று தமிழ்ச் செய்தியில் இயல்பாக வரும் தொடரை அப்படியே ‘ஆஸ் கம்பேர்டு டு’ என்று கொண்டுபோய் வைக்கும் பழக்கமும் தேவையற்றது. ‘தேன்’ இருக்கும்போது அதற்கு வேலையில்லை.

இந்த இடறலின் வேர் நம் மொழியின் அமைப்பிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. ஐந்தாம் வேற்றுமைக்கு உரையாசிரியர்கள் காட்டும் ‘காக்கையின் கரிது களம்பழம்’ (காக்கையைவிடக் கறுப்பு களாப்பழம்) என்ற பழைய எடுத்துக்காட்டில் ‘இன்’ உருபு காக்கையோடு சேர்கிறது. ‘கரிது’ என்ற சொல் எந்த மாற்றமும் இல்லாமல் நிற்கிறது. இன்று ‘இன்’ செய்த வேலையை ‘விட’வும் ‘காட்டிலும்’ செய்கின்றன என்பதைத் தவிர வேறு மாற்றமில்லை. பண்புச் சொல் தானே மாறி ஒப்பீட்டைக் காட்டும் வழக்கம் நமக்கு அந்நியம் என்பதால், ‘பெட்டர்’ என்ற சொல்லுக்குள்ளேயே ஒப்பீடு அடங்கியிருப்பது நம் காதில் விழுவதில்லை. ‘இன்னும் நல்லது’ என்ற நினைப்பில் ‘மோர் பெட்டர்’ என்று எழுதிவிடுகிறோம். அழுத்தம் தேவையென்றால் ‘மச் பெட்டர்’ அல்லது ‘ஃபார் பெட்டர்’ என்று எழுதலாம். ‘வெரி பெட்டர்’ கூடாது. இரட்டை ஒப்பீடு ஆங்கிலேயர்களுக்கே ஒரு காலத்தில் உறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் ஆண்டனி, புரூட்டஸின் கத்திக்குத்தை ‘மோஸ்ட் அன்கைண்டஸ்ட்’ என்றுதான் சொல்கிறான். ராபர்ட் லௌத் 1762-இல் வெளியிட்ட இலக்கண நூலில் இதைத் தவறென்று ஒதுக்கினார். பள்ளி இலக்கணம் இன்றும் அந்தத் தீர்ப்பையே பின்பற்றுகிறது. நம் மாணவர்கள் எழுதுவது தேர்வுத்தாளும் வேலை விண்ணப்பமும் என்பதால், ஆண்டனியைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

தங்கள் பயிற்சிப் பக்கத்தில் ‘அதர்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு வரி விளக்கம்கூட இல்லாதது பெரிய குறை. ‘சென்னை இஸ் பிக்கர் தேன் எனி அதர் சிட்டி இன் தமிழ்நாடு’ என்ற விடையில் ‘அதர்’ விடுபட்டால் மதிப்பெண் போகும் என்று மாணவருக்குத் தெரியும். ஏன் போகும் என்று தெரியாது. சென்னையும் தமிழ்நாட்டு நகரம்தான். ‘அதர்’ இல்லையென்றால் சென்னை சென்னையைவிடப் பெரியது என்றாகிவிடும். இந்தக் காரணத்தைப் புரிந்துகொண்ட மாணவர், ‘சென்னை இஸ் பிக்கர் தேன் எனி சிட்டி இன் கேரளா’ என்று எழுதும்போது ‘அதர்’ வரக்கூடாது என்பதைத் தானே கண்டுகொள்வார். அட்டவணையை மட்டும் படித்தவர் இரண்டிலும் போட்டுவைப்பார், அல்லது இரண்டிலும் விட்டுவிடுவார்.

‘சீனியர் தேன் மீ’ என்று எழுதாத அலுவலகம் அரிது. சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் ஆகியவை லத்தீனில் ஒப்பீட்டு வடிவங்களாக இருந்தே ஆங்கிலத்துக்கு வந்தவை. அவற்றோடு ‘டு’தான் சேரும். ‘பிரிஃபர்’ என்ற வினையும் அப்படியே. ‘லெஸ்ஸர் மார்க்ஸ்’ என்பதும் நம்மூர் வழக்குதான். எண்ணக்கூடியவற்றுக்கு ‘ஃபியூயர்’, அளவுக்கு ‘லெஸ்’ என்று வைத்துக்கொண்டால் போதும். ‘லெஸ்ஸர்’ என்ற சொல் ‘தேன்’ பக்கமே போகாது.

பிரதிப்பெயரில் வரும் குழப்பம் இவற்றைவிட விபரீதமானது. ‘ஐ நோ ஹிம் பெட்டர் தேன் யூ’ என்றால், உனக்கு அவனைத் தெரிந்ததைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்றும் கொள்ளலாம். எனக்கு உன்னைத் தெரிந்ததைவிட அவனை நன்றாகத் தெரியும் என்றும் கொள்ளலாம். முதற்பொருளுக்கு ‘தேன் யூ டூ’ என்றும், இரண்டாவதற்கு ‘தேன் ஐ நோ யூ’ என்றும் முடித்தால் சிக்கல் தீர்ந்தது. எண்களில் இதே கவனம் இன்னும் அதிகம் தேவைப்படுகிறது. 100 லிட்டரைவிட ‘த்ரீ டைம்ஸ் மோர்’ என்றால் 300 லிட்டரா, 400 லிட்டரா என்று படிப்பவர்கள் தங்களுக்குள் வாதிட்டுக்கொள்வார்கள். ‘த்ரீ டைம்ஸ் ஆஸ் மச் ஆஸ்’ என்று எழுதினால் 300 என்பதில் ஐயமில்லை. ‘த்ரீ டைம்ஸ் லெஸ்’ என்பதற்குப் பதிலாக மூன்றில் ஒரு பங்கு என்றே ஆங்கிலத்தில் எழுதிவிடுவது நல்லது. தங்கள் செய்திப் பக்கங்களில் வரும் ‘மூன்று மடங்கு அதிகம்’ என்ற தமிழ்த் தொடருக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

இவ்வளவு கண்டிப்பும் எல்லா இடத்திலும் வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ‘பெர்ஃபெக்ட்’ என்ற சொல்லை ஒப்பிடவே கூடாது என்று மதிப்பெண் குறைப்பவர்கள், 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் முகப்புரையில் ‘எ மோர் பெர்ஃபெக்ட் யூனியன்’ என்றிருப்பதை ஒரு முறை பார்த்துவிடலாம். இருவரில் ஒருவரை ‘பெஸ்ட்’ என்பதா ‘பெட்டர்’ என்பதா என்ற வழக்கையும் பேச்சில் நான் பெரிதுபடுத்த மாட்டேன். இவற்றால் பொருள் மாறுவதில்லை.

அடுத்த பயிற்சிப் பக்கத்தில், வடிவ மாற்றக் கேள்விகளில் பாதியையாவது குறைத்துவிட்டு, அறிக்கைகளிலும் விண்ணப்பங்களிலும் வரக்கூடிய பிழையான ஒப்பீடுகளைக் கொடுத்துத் திருத்தச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். விடைப் பகுதியில் ஒரு திருத்தமும் தேவை. ‘நோ அதர்’ என்று தொடங்கும் எதிர்மறை வாக்கியத்துக்கு ‘சோ பிக் ஆஸ்’ என்பதை மட்டும் விடையாகத் தந்திருக்கிறீர்கள். அங்கே ‘ஆஸ் பிக் ஆஸ்’ என்பதும் சரியே. உடன்பாட்டு வாக்கியத்தில்தான் ‘ஆஸ்’ மட்டுமே வர வேண்டும். இரண்டு விடைகளையும் அச்சிட்டால், சரியாக எழுதிய மாணவர்கள் தம் விடையைத் தாமே அடித்துத் திருத்திக்கொள்ள மாட்டார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி