அக்காவுக்கு, ஸ்காபரோவிலிருந்து

ஸ்காபரோ,
கனடா, கார்த்திகை மாதம்

அன்புள்ள அக்கா,

நான் நல்ல சுகம். அம்மாவும் நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாய் இருக்கக் கடவுள் துணை. கடிதம் கிடைத்தது. "குசினி வேலை முடிஞ்சுதோ, இல்லை எங்களை மறந்துபோட்டியோ" என்று அத்தான் ஓரத்தில் கிறுக்கியிருக்கிறார். மறக்கவில்லை. அலுமாரி பூட்டியாச்சு, நிலத்துக்கு ஓடும் போட்டாச்சு, அலுமாரிக்கு மேல் போடுகிற கல்லுக்குக் காத்திருக்கிறேன். காசுக்கு ஒரு குறையும் இல்லை. இரவு வேலையும் எடுத்தது சும்மா இருக்க ஏலாமல்தான்.

நீங்களும் பின்பக்கம் குசினி எடுக்கப்போவதாக எழுதினதால் விபரமாகவே சொல்லுகிறேன். வேலை முன்னுக்கும் காசு பின்னுக்கும் போகவேணும். பாதிக் காசை முற்பணமாய்க் கேட்கிற ஒப்பந்தகாரரை வாசலோடு அனுப்பிவிடலாம். 10 வீதம் முற்பணம் போதும். மிச்சம் அலுமாரி வந்து இறங்க ஒரு பங்கு, பூட்டி முடிய ஒரு பங்கு. இஞ்சை ஒன்ராறியோ மாகாணச் சட்டப்படி ஒவ்வொரு கொடுப்பனவிலும் 10 வீதத்தைப் பிடித்துவைத்து, வேலை முழுக்க முடிந்து 60 நாள் கழியத்தான் கொடுக்கவேணும். ஒப்பந்தகாரர் கல்லுக்காரருக்கோ குழாய்க்காரருக்கோ காசு கொடுக்காமல் விட்டால், அவர்கள் எங்கள் வீட்டின்மேல் உரிமை கோரிப் பதியலாம். நாங்கள் முழுக்கக் கொடுத்தாச்சு என்று கத்தினாலும் எடுபடாது. பிடித்துவைத்த காசுதான் அப்போது கைகொடுக்கும். "பில் துண்டில்லாமல் காசாய்த் தாங்கோ, 13 வீத வரி மிச்சம்" என்பார்கள். துண்டு இல்லாவிட்டால் நாளைக்கு ஒழுகினால் யாரைப் பிடிக்கிறது?

மின்சாரத்துக்கு உரிமம் உள்ளவர்தான் வேணும். அவர் அனுமதி எடுத்து, பரிசோதகர் வந்து பார்த்த பிறகே சுவரை மூடலாம். அவசரத்தில் பலகை அடித்துவிட்டால் உடைக்கச் சொல்லுவார்கள், அந்தச் செலவு யாருடையது என்று பேந்து சண்டை. மூட முதல் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்துவைத்தால், பிறகு ஆணி அடிக்கும்போது வயர் எங்கே, குழாய் எங்கே என்று தெரியும்.

எங்கள் சமையலுக்குப் புகைபோக்கிதான் உயிர். புகையைக் கரியால் வடித்துத் திரும்ப வீட்டுக்குள்ளேயே விடுகிற சாமானைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வெளிச்சுவரில் துளை போடுகிற வேலை மிச்சம் பாருங்கோ. செத்தல் மிளகாய் தாளித்தால் இந்தக் குளிருக்கு ஜன்னல் திறக்க ஏலாது, குளிர்க்கோட்டெல்லாம் மணக்கும். 6 அங்குலத் தகரக் குழாய், வளைவு குறைவாய், வெளியே போகவேணும். மடிப்பு மடிப்பான அலுமினியக் குழாயென்றால் மடிப்புகளில் எண்ணெய் தேங்கி இழுவை குறையும். சிலர் முகட்டுக்குள்ளேயே விட்டு மூடிப்போடுவார்கள். அந்த ஈரம் மரத்தில் படிந்து பூஞ்சணம் பிடிக்கும். விசிறியைப் போட்டுவிட்டு வெளியில் நின்று, குழாய் முனையின் மூடி திறக்குதோ என்று பார்த்த பிறகுதான் காசு.

மேற்கல்லுக்கு அளவெடுப்பது அலுமாரி மட்டமாய்ப் பூட்டின பிறகுதான். சிங்க்கும் பைப்பும் அன்றைக்கே வீட்டில் இருக்கவேணும், அதைப் பார்த்துத்தான் துளை வெட்டுவார்கள். கல் வர ஒன்றிரண்டு கிழமை. அதுவரை சிங்க் இல்லை. குளியலறையில்தான் கோப்பை கழுவல், நிலக்கீழ் அறையில் ரைஸ் குக்கர் சோறு. குவாட்ஸ் கல்லில் பிசின் கலந்திருக்கிறது. கொதிக்கிற தாச்சியை நேரே வைத்தால் தழும்பு விழும், பிறகு போகாது.

பக்கத்து வீட்டு இத்தாலிக் கிழவர் இளைப்பாறின மேசன். கேட்காமலே உள்ளே வந்து, முழங்காலில் இருந்து, ஒரு டொலர்க் குற்றியால் ஓடு ஓடாகத் தட்டுவார். வெறும் சத்தம் கேட்டால் கீழே பசை இல்லை. கனமான சட்டி விழுந்தால் அந்த ஓடு வெடிக்கும். நாலு மூலைக்கும் நடுவுக்கும் பொட்டு வைத்து ஒட்டினால் அப்படித்தான். பல்லு வெட்டின மேசன் கரண்டியால் பசையை முழுக்க இழுத்து ஒட்டவேணும். உங்கள் மேசனையும் இப்படிச் சோதிக்க அத்தானுக்குச் சொல்லுங்கோ. கிழவருக்கு வாய் ஓயாது. நானும் கோப்பி போட்டு மறித்துவைப்பேன், வீட்டில் ஒரு குரல் கேட்கட்டுமே.

அலுமாரித் தட்டெல்லாம் மினுங்குது அக்கா. தூள்ப் போத்தலை அம்மா எந்தக் கைப்பக்கம் வைப்பா, உப்புச் சிரட்டை எங்கே இருந்தது என்று யோசித்து யோசித்து அடுக்குகிறேன். இஞ்சை பிட்டு அவித்தாலும் தேங்காய்ப்பூ பெட்டியில் உறைந்து வருகிறது, அது பிட்டே இல்லை. விடுங்கோ.

அம்மாவின் கண் ஒப்பரேசனைத் தள்ளிப்போடவேண்டாம். தைக்குள் காசு அனுப்புவேன். கொஞ்சம் பிந்தினால் குறை நினைக்காதேங்கோ. வடக்கு வேலிப் பக்கத்து வீட்டார் மதில் கட்ட முதல் நிலஅளவையாளரைக் கூப்பிட்டு எல்லைக்கல் போடுவியுங்கோ, வாய்ப்பேச்சு வேண்டாம். காணி உறுதியின் போட்டோப்பிரதி ஒன்று எனக்கு வேணும். மச்சாள் வரேக்கை வறுத்த மிளகாய்த்தூள் 2 கிலோ குடுத்துவிடுங்கோ, போன முறை போல உப்பு கூடாமல். மூத்தவளுக்கு ஓ.எல். கணக்கு எப்படிப் போகுது? ரியூசன் காசை நான் பார்க்கிறேன், அத்தானிடம் சொல்லவேண்டாம்.

அன்புத் தம்பி