ஆண்டறிக்கை: போனவரும் வந்தவரும்

தலைவர் அவர்களுக்கும், கொட்டுகிற மழையில் குடையோடு வந்து சேர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் அறிவியல் புனைவு மன்றத்தின் செயலாளராக இது நான் வாசிக்கும் முதல் அறிக்கை. போன வருஷம் இதே இடத்தில் நின்று வாசித்த அண்ணன் வேலை கிடைத்து வளைகுடாவுக்குப் போய்விட்டார். பாதி ஆண்டில் சாவிக்கொத்தும் மினிட்ஸ் புத்தகமும் என் கைக்கு வந்தன. ரசீதுகளில் இன்றும் அவர் பெயர் போட்ட முத்திரைதான் விழுகிறது. குறையாகச் சொல்லவில்லை. இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கும் இதற்கும் கொஞ்சம் தொடர்பு இருக்கிறது, அவ்வளவுதான்.

12 கூட்டங்கள் திட்டமிட்டு 9 நடத்தினோம். மழை பிடித்தால் ரப்பர் பால்வெட்டு இல்லை, விடியுமுன் எழுந்து தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு ஓட வேண்டாம். அந்த நாட்களில் வெட்டுக்காரர்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள். வானம் தெளிந்தால் எட்டரைக்கே பாதி நாற்காலி காலி. தக்கலைப் பக்கத்தில் அறிவியல் புனைவு வளர மழை பெய்தாக வேண்டும் போலிருக்கிறது.

ஆண்டின் பொருள், நெடுநாள் ஓடிய அறிவியல் புனைவுத் தொடர்களில் ஒரு பாத்திரம் விலகி அந்த இடத்துக்கு இன்னொன்று வருவது. இதை முன்மொழிந்தது டீச்சர். முதலில் 'டாக்டர் ஹூ'வில் தொடங்கினோம், சீக்கிரமே தள்ளியும் வைத்துவிட்டோம். 1966இல் நாயகன் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் விலகியதும் அதே டாக்டர் வேறு உடலோடு எழுந்தார் என்று சொல்லி பேட்ரிக் ட்ரௌட்டனைக் கொண்டுவந்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அங்கே ஆள் போகவே இல்லையே, சட்டை மாறியது போலத்தானே என்று டீச்சர் கேட்டார். சரி என்று விட்டுவிட்டோம்.

அதிகம் சூடு பிடித்தது 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' கூட்டம். முதல் பருவம் முடிந்ததும் எண்டர்பிரைஸ் என்ற விண்கப்பலின் மருத்துவர் பெவர்லி கிரஷர் போய்விடுகிறார். 1988இல் தொடங்கிய இரண்டாம் பருவத்தில் டாக்டர் புலாஸ்கி வருகிறார், நடித்தவர் டயானா முல்டோர். வந்த புதிதிலேயே, எந்திர மனிதன் டேட்டாவை 'டாட்டா' என்று கூப்பிடுகிறார். அவன் திருத்துகிறான். என்ன வித்தியாசம் என்கிறார். ஒன்று என் பெயர், மற்றது இல்லை என்கிறான் அவன். நம்மூரில் டாட்டா என்றால் போய் வருகிறேன் என்று அர்த்தம், வந்த நாளே சொல்லிவிட்டாரே என்று நர்ஸ் அக்கா சொன்னதும் அறை முழுக்கச் சிரிப்பு. அப்படியே ஆயிற்று. மூன்றாம் பருவத்தில் கிரஷர் திரும்பி வந்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியபின் அதே அக்கா சொன்னதுதான் இந்த ஆண்டின் நல்ல பேச்சு. வார்டுக்குப் புது இன்சார்ஜ் சிஸ்டர் வந்தால் முதல் வாரம் நோயாளிகள் எல்லாரும் பழைய சிஸ்டர் எங்கே என்று கேட்பார்களாம். அவர்களை வாய்விட்டுக் கேட்க விட்டுவிட வேண்டும், அடக்கினால் அந்தக் கோபம் ஊசி போடும்போது வெளிவரும் என்றார். எண்டர்பிரைசில் கிரஷரைத் தேடி யாரும் முகம் வாடவில்லை. அவருடைய மகன் அதே கப்பலில்தான் இருக்கிறான், அவன்கூட இரண்டு காட்சியில் சமாதானமாகிவிடுகிறான். தேடுகிற வேலை முழுதும் பார்க்கிறவன் தலையில் விழுந்தது. போதாக்குறைக்கு, தொடக்கத்தில் முகத்தோடு வரும் நடிகர் வரிசையில் முல்டோரின் பெயர் இல்லை, 'சிறப்புத் தோற்றம்' என்று தனியாகப் போட்டார்கள். ஒரு பருவம் முழுக்க வேலை செய்த ஆளை வீட்டுக்கு வந்த விருந்தாளி போல வைத்திருந்தார்கள்.

போனவரைத் தேட விடுகிறார்களா என்ற இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு மற்றவர்களைப் பார்த்தோம்.

'எக்ஸ் ஃபைல்ஸ்' எட்டாம் பருவம், 2000ஆம் ஆண்டு. துப்பறியும் மோல்டர் காணாமல் போகிறார், ஜான் டாகெட் வருகிறார். வந்த வேலையே மோல்டரைத் தேடுவதுதான். முதல் சந்திப்பில், தான் யாரென்று சொல்லாமல் மோல்டரை நன்றாகத் தெரிந்தவர் போல அவருடைய கூட்டாளி ஸ்கல்லியிடம் பேச்சுக் கொடுக்கிறார். விஷயம் புரிந்ததும் ஸ்கல்லி கையிலிருந்த தண்ணீரை அவர் முகத்தில் வீசுகிறார். அந்தத் தண்ணீர் நாம் வீசியிருக்க வேண்டியது, நமக்காக அவர் வீசிவிட்டார். டாகெட் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார். அந்த நிமிஷத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

'ஸ்டார்கேட் எஸ்ஜி-1' 1997 முதல் 2007 வரை பத்துப் பருவம் ஓடிய தொடர். ஐந்தாம் பருவக் கடைசியில், குழுவில் ஒருவரான டேனியல் ஜாக்சன், வேறொரு கிரகத்து மக்களைக் காப்பாற்றப் போய்க் கதிர்வீச்சுக்கு ஆளாகிறார். அவரையே நாசவேலைக்காரர் என்கிறது அந்த ஊர் அரசு. உண்மையைக் கண்ணால் பார்த்தும் நேரத்தில் அசையாமல் நின்றவர் அந்த ஊர்க்காரர் ஜோனாஸ் குயின். பிறகு தன் ஊரை விட்டே வந்து, டேனியல் இருந்த இடத்துக்கு வருகிறார். ஆறாம் பருவம் முழுக்க அந்தக் குற்ற உணர்வு அவரிடம் இருக்கிறது, அதை மறைக்க ஓயாத சிரிப்பும், எந்நேரமும் எதையாவது தின்றுகொண்டிருக்கும் வாயும். வாழைப்பழம் என்றால் உயிர். நம் மட்டிப்பழத்தை ஒருநாள் தின்னக் கொடுத்திருந்தால் திரும்பியே போயிருக்கமாட்டார். குழுத் தலைவர் கர்னல் ஓநீல் அவரைக் குழுவில் சேர்த்ததும் பிரியத்தால் அல்ல, இல்லையென்றால் ஒரு ரஷ்ய அதிகாரியைச் சேர்க்க வேண்டிவரும் என்பதால். ஏழாம் பருவத்தில் டேனியல் திரும்பி வந்ததும் ஜோனாஸ் சொந்த ஊருக்குப் போய்விடுகிறார். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. டீச்சருக்கு அது பொறுக்கவில்லை, ஒரு வருஷம் உழைத்தவனை அப்படியா அனுப்புவது என்றார்.

'டீப் ஸ்பேஸ் நைன்' பற்றிக் கொஞ்சம். ஜாட்ஸியா டாக்ஸ் கொல்லப்பட, அவர் உடலுக்குள் வாழ்ந்த உயிரி அடுத்து எஸ்ரி என்ற இளம்பெண்ணுக்குள் போகிறது. எந்தப் பயிற்சியும் இல்லாமல், அவசரத்துக்குப் பொருத்தப்பட்ட ஒன்பதாவது உடல். ஜாட்ஸியாவின் கணவன் வோர்ஃபால் அந்தப் பெண்ணின் முகத்தைக்கூடப் பார்க்க முடிவதில்லை. கேப்டன் சிஸ்கோவோ இவளையும் பழையபடி 'ஓல்ட் மேன்' என்றுதான் கூப்பிடுகிறார். நம்மூரில் 'பெருசு' என்போமே, அதே தொனி. ஒருவர் விலக, ஒருவர் அழைக்க, இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெண் தடுமாறுவது நன்றாக வந்திருக்கிறது. கடைசிப் பருவம் என்பதால் நேரம்தான் போதவில்லை.

ஆண்டு முடிவில் கை தூக்கிக் கணக்கெடுத்ததில் 'வாயேஜர்' தொடரின் செவன் ஆஃப் நைன் முதலிடம். இதில் எனக்கு உடன்பாடில்லை என்று பதிவு செய்கிறேன். 1997இல் கெஸ் போக, செவன் வந்தார், உண்மை. ஆனால் கெஸ் மருத்துவக் கூடத்தில் செய்த வேலையை இவர் தொடவே இல்லை, கதையும் வேறு பாதையில் போய்விட்டது. கடையை மூடிவிட்டு வேறு கடை திறந்ததைப் பதிலாள் என்று எப்படிச் சொல்வது? என் வாக்கு டாகெட்டுக்கு. ஜோனாஸுக்குப் போட்டிருப்பேன், கூட்டத்தில் யாராவது ஒரு மாதிரி சிரித்துவிடுவார்கள் என்று போடவில்லை.

மற்றபடி, டிவிக்குப் புது ஸ்டெபிலைசர் வாங்கினோம். கூரையில் இரண்டு ஓடு மாற்ற வேண்டும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கியைப் பற்றி நான் இங்கே பேசப்போவதில்லை, பாக்கி வைத்தவர்கள் முன்வரிசையில்தான் இருக்கிறார்கள்.

எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். டிவி ஓடாத அன்று என்னிடம் கேட்காமல் அண்ணனுக்கு வீடியோ கால் போட்டீர்கள். அங்கிருந்து அவர் சொன்னார், நான் வயரைப் பிடுங்கி மாட்டினேன். அதற்கு ஒரு தம்ளர் தண்ணீரை என் முகத்தில் வீசியிருக்கலாம்.

அண்ணன் கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்கு வருகிறார். சாவியைக் கேட்டால் கொடுப்பதா என்று செயற்குழு முன்கூட்டியே தீர்மானித்துத் தந்தால் நல்லது. எப்படியானாலும் முத்திரையை மாற்றத் தொகை ஒதுக்கும்படி கேட்டு, இந்த அறிக்கையை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்