தாத்தா ஏறாத பஸ்

அன்புள்ள மருமகனுக்கு,

கோயில் கொடையன்று பந்தியில் நீ சாம்பார் வாளியோடு வந்தாய். சட்டைக் கை மேலேறியதும் மணிக்கட்டில் இரண்டு நிறக் கயிறு தெரிந்தது. கேட்டதற்கு, "சும்மா ஃபேஷன் மாமா" என்றாய். அந்த நிறம் எந்தச் சாதிக் கொடியில் இருக்கிறது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பந்தியில் வைத்துப் பேச வேண்டாமே என்று விட்டுவிட்டேன்.

உன் தாத்தா கதை ஒன்று. உன் அம்மா சொல்லியிருக்க மாட்டாள். 1997. அப்போது அரசு போக்குவரத்துக் கழகங்களுக்குத் தலைவர்கள் பெயர்தான். விருதுநகர் மாவட்டத்தில் புதிதாகத் தொடங்கிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மனின் தளபதி, வெள்ளைக்காரனை எதிர்த்து உயிரை விட்டவர். ஊரில் அதை யாரும் பேசவில்லை. அவர் என்ன சாதி என்பதைத்தான் பேசினார்கள். "அந்தப் பேர் போட்ட பஸ்ஸில் நம்மாள் ஏறுவதா?" கலவரமாகி உயிர்களும் போயின.

தாத்தா கல்லெறியவில்லை. பஸ்ஸில் ஏறவில்லை, அவ்வளவுதான். வெள்ளரிப்பிஞ்சுச் சாக்கை சைக்கிள் கேரியரில் கட்டி, கத்திரி வெயிலில் சாத்தூருக்கு மிதித்தார். போய்ச் சேர்வதற்குள் பிஞ்சு வதங்கிவிடும். பாதி விலைக்குத் தள்ளிவிட்டு வந்து திண்ணையில் கெத்தாக உட்காருவார். எனக்கும் பெருமையாக இருந்தது. உன் வயதுதான் அப்போது.

பிற்பாடு ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளரைப் பற்றிப் படித்தேன். போலந்தில் பிறந்த யூதர், குடும்பத்தை நாஜிகளிடம் பறிகொடுத்தவர். 1970 வாக்கில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 14, 15 வயதுப் பையன்களை இரண்டாகப் பிரித்தார். நீ க்ளே என்ற ஓவியரின் படம் பிடித்தவன், நீ காண்டின்ஸ்கி என்ற ஓவியரின் படம் பிடித்தவன் என்று ஒரு சாக்கு. உண்மையில் குருட்டாம்போக்கில் பிரித்ததுதான். கூட இருப்பவன் யார் என்றுகூடத் தெரியாது. பிறருக்குக் காசு பங்கிடச் சொன்னார். நம்மாளுக்கு 19, அவனுக்கு 25 என்றும் போடலாம்; நம்மாளுக்கு 7, அவனுக்கு 1 என்றும் போடலாம்; இடையிலும் நிறுத்தலாம். நம்மாளுக்குக் குறைந்தாலும் சரி, அவனைவிடக் கூட இருக்கட்டும் என்ற பக்கம்தான் பையன்களின் கை சாய்ந்தது. மூக்கறுத்துச் சகுனத்தடை செய்கிற கதை. எனக்கு வதங்கிய வெள்ளரிதான் ஞாபகம் வந்தது.

சாதி ஓவிய ரசனை இல்லை, தெரியும். அதில் நிலம் இருக்கிறது, கூலி இருக்கிறது, தலைமுறையாக அடித்தவனும் அடிபட்டவனும் இருக்கிறார்கள். அதனால்தான் உன் கயிறும் பக்கத்து பெஞ்சுக்காரன் கயிறும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை. 2023இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள்தான். அதன்பின் நீதிபதி சந்துரு கயிறுக்குத் தடை கேட்டு அறிக்கை கொடுத்தார். தடை வரட்டும். ஆனால் கயிறு போனால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் இருக்கிறது உங்களுக்கு.

அப்புறம் அந்த பஸ். அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டது. மாவட்டங்களிலிருந்தும்தான். ஒரு பெயர் கூடாது என்று கிளம்பினார்கள். நாம் கும்பிடுகிறவர் பெயரும் சேர்ந்து போனது. பெயரை அழித்த பெயின்ட் பளபளப்பு மங்குவதற்குள் தாத்தா சாக்கோடு ஏறினார். அதே வண்டி, அதே கண்டக்டர். லக்கேஜ் டிக்கெட் போட்டார்.

அன்புடன்,
மாமா