இடுப்பு எலும்பு முறிவும் தடுப்பூசியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயதானவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டால், குடும்பத்தாரின் பேச்செல்லாம் அறுவை சிகிச்சையையும் அதற்காகும் செலவையும் சுற்றியே இருக்கிறது. அதன் பிறகு வரக்கூடியதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இத்தகைய முறிவுக்கு ஆளாகும் முதியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார். அவ்விறப்புகளுக்கு நிமோனியா ஒரு முக்கியக் காரணம்.

எலும்பியல் வார்டில் பணியாற்றியவள் என்பதால் இதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். வலிக்குப் பயந்து இருமலை அடக்கிக்கொண்டு மல்லாந்தே கிடப்பவருக்கு நுரையீரலின் அடிப்பகுதியில் சளி தேங்கிவிடும். மூன்று பந்துகள் உள்ள மூச்சுப்பயிற்சிக் கருவியைக் கொடுத்து இழுக்கச் சொன்னால், முதல் பந்தே அரைகுறையாகத்தான் எழும்பும். நலம் விசாரிக்க வருபவர் கொண்டுவரும் இன்ஃப்ளூயன்சா, அந்த நிலையில் இருப்பவருக்குச் சாதாரணக் காய்ச்சலாக முடிவதில்லை.

இன்ஃப்ளூயன்சாவுக்கான தடுப்பூசியும், நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவுக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசியும் போட்டுக்கொண்டவர்கள் அறுவை சிகிச்சைக்குப் பின் கூடுதலாகப் பிழைக்கிறார்கள் என்று சொல்லப்படும்போது சற்று நிதானம் தேவை. ஓரளவு நடமாட்டத்தோடும் வீட்டாரின் கவனிப்போடும் இருப்பவர்களே பெரும்பாலும் ஊசி போட்டுக்கொள்கிறார்கள் என்பதால், அவர்கள் பிழைப்பதில் ஊசியின் பங்கையும் உடல்நிலையின் பங்கையும் பிரித்தறிவது எளிதன்று. ஆயினும் முதியவர்களிடம் கடும் நோயை இத்தடுப்பூசிகள் குறைக்கின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை.

சிக்கல், ஊசி போடும் நேரத்தில்தான் இருக்கிறது. ஊசி போட்டபின் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறக்குறைய 2 வாரங்கள் ஆகும். அறுவை சிகிச்சையையோ கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும், தடுப்பூசிக்காக அதைத் தள்ளிப்போடவும் கூடாது. எனவே, இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாங்க வரும் முதியவரிடம் தடுப்பூசி பற்றி அப்போதே கேட்டுவிடுவதுதான் பயன் தரும்.

முன்பே போடாதவர்களுக்கு, காய்ச்சல் ஏதுமின்றி உடல்நிலை சீரானதும் போடலாம். ஊசியால் வரும் ஓரிரு நாள் காய்ச்சலைப் புண்ணில் சீழ் பிடித்ததாக எண்ணிக் குழம்ப நேரும் என்பதால், மருத்துவர் சற்றுக் காத்திருக்கச் சொன்னால் அதில் தவறில்லை. உடனிருந்து பார்த்துக்கொள்பவர்களும் போட்டுக்கொள்வது நல்லது.

டிஸ்சார்ஜ் சம்மரியில் தையல் பிரிக்கும் நாளும் கால்சியம் மாத்திரையும் தவறாமல் இடம்பெறுகின்றன. இன்ஃப்ளூயன்சா, நிமோகாக்கல் தடுப்பூசிகளை எப்போது போட வேண்டும் என்ற ஒரு வரியையும் எலும்பியல் மருத்துவர்கள் அதில் சேர்க்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்